விரலுக்குத் தெரியாத மரம்

இரண்டும் ஒன்றுதான். என் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதை இவர்கள் இரண்டு பேரிடமும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். எதிரே பிருந்தா. இந்தக் கடையில் கிடார் பிரிவைப் பார்த்துக்கொள்பவள், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தோடு கத்தரித்த முடி. இரண்டு கிடார்களை மேசைமேல் கம்பளித் துணி விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறாள். ஒரே கம்பெனி, ஒரே கடல்பச்சை, ஒரே விலை. கழுத்தில்தான் வித்தியாசம். விரல் பதிக்கிற அந்த நீளப் பலகை, ஃப்ரெட்போர்டு, ஒன்றில் மேப்பிள் மரம், மற்றதில் ரோஸ்வுட். மேப்பிள் சந்தனம் கரைத்துப் பூசியதுபோல வெளிறிக் கிடக்கிறது. ரோஸ்வுட் நம்முடைய ஈட்டி மரம்தான், டிகாக்‌ஷன் நிறம். "மேப்பிள்ல மேல லாக்கர் வார்னிஷ் அடிச்சிருப்பாங்க, அக்கா. கண்ணாடி மாதிரி வழுக்கும். ரோஸ்வுட்ட அப்படியே விட்டுருவாங்க. மரத்தோட ரேகை, துளை எல்லாம் கைக்குத் தெரியும்," என்கிறாள் பிருந்தா. கைக்குத் தெரியும். யாருடைய கைக்கு. சனிக்கிழமை காலை பதினோரு மணி, மேலப்புதூரில் மாடிக்கடை, கீழே பஸ்காரன் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருக்கிறான், மேலே மின்விசிறி சுற்றும்போதெல்லாம் சுவரில் தொங்குகிற கிடார்களின் விலைச்சீட்டுகள் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி வருகின்றன. நான் விலைச்சீட்டுகளைப் பார்க்கிறேன். மரத்தைப் பார்த்தால் தொடச் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கிறார். மரியதாஸுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை, இரும்பைத் தடவியே அரை நூல் மேடு பள்ளம் சொல்லிவிடுவார், கையெல்லாம் அரம் மாதிரி இருக்கும், அந்தக் கையால் ரோஸ்வுட்டை மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் தடவுகிறார். "செலின், இதத் தொட்டுப் பாரேன். உசிரோட இருக்கு." சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுக்கிறார். மூன்று மாதமாக அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபோனில் யார் யாரோ கிடாரைப் பற்றிப் பேசுகிற வீடியோக்களைப் பார்ப்பார், பாதி புரியாது, புரிந்த பாதியை எழுதிவைப்பார். இவருக்குப் பாட்டே கேட்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் ரேடியோவில் நல்ல பாட்டு ஓடும்போது ஓட்டைச் சைக்கிளைப் பற்றிப் பேசியவர். இப்போது மேப்பிள் சத்தம் பளிச்சென்று இருக்குமாம், ரோஸ்வுட் சத்தம் கனமாக இருக்குமாம், அதிலேயே இரண்டு கட்சி இருக்கிறதாம். எல்லாம் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. நாலாவது கீமோவின்போது, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார், "எல்லாம் முடிஞ்சதும் உனக்கு என்ன வேணும்?" நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கிடார். எலெக்ட்ரிக்." சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தோரு வயது வரைக்கும் ரயில்வே இன்ஸ்டிடியூட் இசைக்குழுவில் ரிதம் கிடார் வாசித்தேன், குழுவுக்குச் சொந்தமான கிடார், கறுத்த கழுத்து, ரோஸ்வுட்டாகத்தான் இருந்திருக்கும், ஒருமுறைகூட அதை வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. குழு கலைந்தது, எனக்கு லேப் வேலை கிடைத்தது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் அதை நினைத்து ஏங்கினேன் என்று சொன்னால் பொய். ஆனால் கேட்டபோது வாயில் வந்தது அதுதான். அவர் அதை மறக்கவில்லை.

மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இந்த நிமிஷம் தோன்றுகிறது, தோன்றியதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. எட்டாவது கீமோவுக்கு அப்புறம்தான் விரல்கள் போயின. அதற்கு முன்னால் குளிர்தான் தொந்தரவு, ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கும், குழாய்த் தண்ணீர் ஊசியாகக் குத்தும். குத்தினபோதெல்லாம் எப்போது இது போகும் என்றிருந்தது. போயிற்று. போனபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிற்று. இடது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல், மூன்றின் நுனியும் யாரோ மெழுகில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. நகமும் நுனித்தோலும் கறுத்துவிட்டன. "நரம்பு மெதுவாத்தான் மறுபடி வளரும்மா," என்றார் டாக்டர். "ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகலாம். சில பேருக்குக் கொஞ்சம் மிச்சம் தங்கிரும். ஸ்கேன் சுத்தமா இருக்கு. அதுக்கு சந்தோஷப்படுங்க." அன்றைக்கு நான் தனியாகத்தான் போயிருந்தேன், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் ஒர்க்‌ஷாப் விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று முகத்தைப் பார்த்தார். "ஸ்கேன் சுத்தமா இருக்காம்," என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து ரொம்ப நேரம் செருப்பு வாரையே அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்குப் பிறகு விரலைப் பற்றி என்ன சொல்வது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். நாளை ஏழு மாதமாகிவிட்டது. வெந்நீரை மணிக்கட்டில் விட்டுப் பார்க்கிறேன், பட்டன் போடும்போது கண்ணாடி முன்னால் நிற்கிறேன், கொதிக்கிற டம்ளரை வலது கையால் எடுக்கிறேன். மறைப்பதற்கும் ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டது. எனக்கே சில நாள் மறந்துபோகும்.

லேபில்தான் மறக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். மற்றவர்கள் கண்ணால் தேடுவார்கள், நான் இடது ஆள்காட்டி விரலால் முழங்கை மடிப்பை ஒருமுறை அழுத்துவேன், உள்ளே ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி எம்பும், அங்கேதான் ஊசி. குழந்தைகளையும் கிழவிகளையும் என்னிடம்தான் அனுப்புவார்கள். திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் ஒரு காலேஜ் பெண் கையை நீட்டினாள். அழுத்தினேன். மேசையை அழுத்தின மாதிரி இருந்தது. மறுபடி அழுத்தினேன். அந்தப் பெண் நம்பிக்கையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் தாங்கவில்லை, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுக் கூட வேலை பார்க்கிற கஸ்தூரியைக் கூப்பிட்டேன். அன்றிலிருந்து ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜர் நல்ல மனுஷர், போன வாரம்கூட, "மெதுவா வாங்க செலின், ஆனா வந்துருங்க," என்றார். வருவேனா. வந்தால் எந்த விரலோடு வருவேன். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை எப்போதும் இடறும், இடறின இடத்திலேயே நின்று அதையே திரும்பத் திரும்பத் தடவும். டாக்டர் சில பேருக்கு என்று சொன்னாரே, அந்தச் சில பேரில் நான் இருக்கிறேனா. மிச்சம் தங்கிவிடும் என்றாரே, எவ்வளவு மிச்சம். விரலில் தங்குவது வேறெங்காவது தங்கியிருந்தால். அந்த நினைப்பை மட்டும் நான் முடிக்க விடுவதில்லை.

"என்னக்கா, யோசனையா இருக்கீங்க? நிறத்தப் பாத்தா ஏமாந்துருவீங்க," என்கிறாள் பிருந்தா. "கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க. கை சொல்லும் எது வேணும்னு." மரியதாஸுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. நோட்டை மூடுகிறார். "ஆமா செலின், கண்ண மூடு. நான் எதுன்னு சொல்ல மாட்டேன்." மறுக்கலாம். மறுக்கக் காரணம் வேண்டும். ஸ்டூலில் நேராக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறேன். மடியில் கனம் வந்து உட்காருகிறது. கனம் தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது, தொடையில் அதன் வளைவு, விலாவில் அதன் விளிம்பு. கட்டைவிரல் கழுத்தின் பின்பக்கத்தைப் பிடிக்கிறது, அது வழுவழுப்பு, ஆனால் பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே மரம் என்று பிருந்தா முதலிலேயே சொல்லிவிட்டாளே. மூன்று விரலையும் கம்பிகளுக்கு நடுவே நுழைத்து இழுக்கிறேன். பலகையில் குறுக்கே பதித்த உலோகத் தடுப்புகள் வருவது எலும்பில் தெரிகிறது, டக், டக், டக், ரயில் தண்டவாள இணைப்பைத் தாண்டுகிற மாதிரி. இரண்டு டக்குகளுக்கு நடுவில் மரம் இருக்க வேண்டும். அங்கே ஒன்றுமில்லை. மெழுகுக்கு அந்தப் பக்கம் மரம் எங்கேயோ இருக்கிறது. சுண்டுவிரலால் ரகசியமாகத் தொட்டுப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது, சுண்டுவிரலுக்கு உயிர் உண்டு, ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. லேபில் நாங்கள் இப்படி ரிசல்ட் எழுதினால் வேலை போய்விடும். "இது சொரசொரன்னு இருக்கு," என்கிறேன். "மரம் நல்லாத் தெரியுது. ரோஸ்வுட்."

கண்ணைத் திறக்கிறேன். மடியில் வெளிறிக் கிடக்கிறது மேப்பிள், ட்யூப் லைட் அதன் மேலே நீளமாகப் பளபளக்கிறது. மரியதாஸ் சிரிக்கிறார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார், நானும் சிரித்திருக்கலாம், சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். என் முகம் ஒத்துழைக்கவில்லை. அவருடைய சிரிப்பு பாதியில் நிற்கிறது. என் முகத்தைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், மறுபடி முகத்தைப் பார்க்கிறார். மேடு பள்ளம் பார்க்கிற மனுஷன். "செலின், உனக்குத் தெரியலையா?" என்கிறார். "இல்ல." "எப்பலேர்ந்து?" "எட்டாவது தடவைக்கு அப்புறம்." "டாக்டருக்குத் தெரியுமா?" நான் தலையாட்டுகிறேன். அவர் மனசுக்குள் மாதங்களை எண்ணுவது எனக்குத் தெரிகிறது. "எனக்குத்தான் தெரியாது," என்கிறார். குரலை உயர்த்தவில்லை. நோட்டைச் சட்டைப்பையில் வைக்கிறார், பையில் நுழையாமல் இரண்டுமுறை வெளியே வருகிறது, மூன்றாவது முறை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போகிறார். இரும்புப் படி. பதினேழு படி ஏறி வந்தோம். பதினேழும் கேட்கிறதா என்று எண்ணுகிறேன். ஒன்பதோ பத்தோடு நின்றுவிட்டது. பஸ் ஒலிப்பானில் அமுங்கிப்போயிற்றோ என்னவோ.

பிருந்தா ஆம்ப்ளிஃபையரின் பொத்தானை அமுக்குகிறாள். இதுவரை அது உறுமிக்கொண்டிருந்ததே நின்றபிறகுதான் தெரிகிறது. என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் கேட்கவில்லை. எதிர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "நான் தெரியாம சொல்லிட்டேங்க்கா." "உங்க மேல என்ன தப்பு. நான்தான் சொல்லியிருக்கணும்." அவள் தன் இடது கையை நீட்டிக் காட்டுகிறாள், நுனியெல்லாம் காய்த்துப் போய் வெள்ளைத் தழும்பாக இருக்கிறது. "பதினோரு வருஷமா வாசிக்கிறேன். உண்மையச் சொன்னா வாசிக்கும்போது எனக்கு மரம் தெரியாது. கம்பிதான் தெரியும். மரத்த விரல் சும்மா உரசிட்டுப் போகும், அவ்வளவுதான்." "அப்ப எதுக்கு ரெண்டு கட்சியா சண்டை போடுறாங்க?" "ஆசைதான். வாங்குறதுக்கு முன்னாடி பேசிக்கிட்டே இருக்கணும் இல்ல." எனக்குச் சிரிப்பு வருகிறது. இவளுடைய விரல் காய்த்ததும் என்னுடையது மரத்ததும் ஒன்றல்ல, அது இவளுக்கும் தெரியும். மரத்துப்போவது. இத்தனை நாளாகச் சொல்கிறேன், இன்றைக்குத்தான் காதில் விழுகிறது, மரம் ஆவதற்குத்தான் அந்தப் பெயர். என் விரலில் மரம், அதற்கு அடியில் மரம், மரத்துக்கு மரத்தை எப்படித் தெரியும். படியில் சத்தமில்லை. போயிருப்பாரா. ஸ்கூட்டர் சாவி அவரிடம்தான். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால், நீங்கள் அன்றைக்குப் படியில் உட்கார்ந்தீர்களே, அதனால்தான் என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் போனவரிடம் என்ன சொல்வது. அவர் எனக்காகச் சேர்த்துவைத்த சந்தோஷத்தில் இது ஒரு ஓட்டை, நான்தான் போட்டேன்.

திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் மேப்பிளைத் தூக்கினேன். தூக்கும்போது இடது கை கழுத்தில் இருந்தது, கண் தற்செயலாக அங்கே போயிற்று. என் மூன்று விரல்களும் அந்த வெளிர் பலகைமேல் உட்கார்ந்திருக்கின்றன. கறுத்த நுனி, கறுத்த நகம், வெள்ளைத்தாளில் மை வைத்த மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஆள்காட்டி விரல் ஒரு கம்பியைத் தொட்டிருக்கிறது, மோதிர விரல் இரண்டு கம்பிக்கு நடுவில் சும்மா இருக்கிறது. பார்த்தால் தெரிகிறது. மேசையில் அதை வைத்துவிட்டு ரோஸ்வுட்டை மடியில் எடுக்கிறேன். விரல்களை வைக்கிறேன். காணவில்லை. கறுப்பில் கறுப்பு, நுனி எங்கே முடிகிறது, மரம் எங்கே ஆரம்பிக்கிறது, குனிந்து பார்த்தாலும் பிடிபடவில்லை. இதைத்தான் இருபத்தைந்து வருஷம் முன்னால் வாசித்தேன், அன்றைக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, மேடையில் விளக்கை அணைத்தாலும் விரல் தானாகப் போகும். அந்த விரல் இல்லை. அந்தப் பெண்ணும் இல்லை. இருப்பது இந்த விரல், இந்தக் கண். மறுபடி மேப்பிள். விரல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறேன், எழும்புகிறது, இறங்குகிறது, சொன்ன இடத்துக்குப் போகிறது. இவை செத்துப்போகவில்லை, வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன, எனக்குத் தகவல் அனுப்பத்தான் முடியவில்லை. அப்படியானால் நான் வேறு வழியில் விசாரித்துக்கொள்கிறேன். "பிருந்தா, அந்த மெஷினப் போடுங்க," என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது.

உறுமல் திரும்ப வருகிறது. அதோடு படியிலும் சத்தம். ஒன்பது பத்துப் படிதான். அவர் தெருவுக்கே போகவில்லை, நடுப்படியில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்திருக்கிறார், துடைத்த கையில் படிக் கைப்பிடியின் இரும்புத் துரு ஒட்டியிருக்கிறது, கன்னத்திலும் கொஞ்சம். பக்கத்தில் வந்து நிற்கிறார். "கையக் குடு," என்கிறார். கொடுக்கிறேன். ஆள்காட்டி விரலின் நுனியைத் தன் இரண்டு விரலால் அழுத்துகிறார். "இது?" "இல்ல." "இது?" "இல்ல." "இது?" "அங்க கொஞ்சம். முதல் கணு வரைக்கும்தான் இல்ல." கணு கணுவாகப் போகிறார், எங்கே முடிகிறது, எங்கே ஆரம்பிக்கிறது என்று, ஒர்க்‌ஷாப்பில் அளவெடுக்கிற அதே பொறுமையோடு. மணிக்கட்டுக்கு வந்ததும் விடவில்லை, பிடித்துக்கொண்டே இருக்கிறார். "சுடுதண்ணி?" "மணிக்கட்டுல விட்டுப் பாப்பேன்." "லேப்ல?" "கவுண்டர்ல உக்காந்திருக்கேன்." "அதுவும் எனக்குத் தெரியாது," என்கிறார், ஆனால் இந்தமுறை அந்த வார்த்தையில் வேறு ஏதோ இருக்கிறது, கோபம் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. "அன்னிக்கு நீங்க படியில உக்காந்தீங்க," என்கிறேன். அவர் யோசிக்கிறார். "ஆமா. உக்காந்தேன்," என்கிறார். "மறுநாளு எந்திரிச்சு வேலைக்குப் போனேன்ல. சொல்லியிருக்கலாம்." சொல்லியிருக்கலாம்தான். "திங்கக்கிழம மேனேஜர்கிட்டயும் சொல்லிரு. நான் வேணா கூட வரேன்." "வேணாங்க. நானே சொல்லிக்கிறேன்," என்கிறேன், சொல்லும்போதே அது நடக்கக்கூடிய காரியமாகத் தெரிகிறது. கவுண்டரிலும் ஆள் வேண்டும்தானே. மைக்ராஸ்கோப்புக்குக் கண் போதும்தானே.

"சரி, எது?" என்கிறார். கை அனிச்சையாக நோட்டுப் பக்கம் போகிறது. ரோஸ்வுட்டுக்கு ஆதரவாக அதில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். "இது," என்று மேப்பிளைக் காட்டுகிறேன். "இதுல என் விரல் தெரியுது." அவர் குனிந்து பார்க்கிறார், என் விரலை, அடியில் இருக்கிற வெளிர் மரத்தை, பக்கத்தில் கிடக்கிற கறுத்த மரத்தை. மூன்று மாதப் படிப்பும் அவர் முகத்தில் ஒருமுறை வந்துவிட்டுப் போகிறது. "அது எந்த வீடியோலயும் சொல்லல," என்கிறார். பிருந்தா ஆம்ப்ளிஃபையரின் வயரைக் கிடாரில் செருகித் தருகிறாள். கம்பியை மீட்டுகிற சின்ன வில்லை, பிக், ஒன்று கொடுக்கிறாள், வலது கையில் வாங்கிக்கொள்கிறேன். சி கார்டு, மூன்று விரலும் ஒன்றாகப் பிடிக்கிற சுரக்கூட்டு. மோதிர விரல் ஐந்தாவது கம்பியில் மூன்றாவது கட்டம், நடுவிரல் நாலாவது கம்பியில் இரண்டாவது, ஆள்காட்டி இரண்டாவது கம்பியில் முதலாவது. வாயால் சொல்லிச் சொல்லி, கண்ணால் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக உட்கார வைக்கிறேன், எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைக்கிற மாதிரி. அடிக்கிறேன். கடை முழுக்கச் சத்தம் எழும்புகிறது, விலாவில் அதிர்கிறது, மார்பெலும்பில் அதிர்கிறது, வயிற்றில் ஆபரேஷன் தழும்பு இருக்கிற இடத்தில்கூட அதிர்கிறது. ஆனால் நடுவில் ஒரு கம்பி பேசவில்லை. ஆறில் ஒன்று ஊமையாக நிற்கிறது. விரல் சொல்லாது, காது சொல்கிறது, மூன்றாவது கம்பி. குனிந்து பார்க்கிறேன். நடுவிரல் சாய்ந்துகொண்டு அதன்மேல் முட்டியிருக்கிறது, நானறியாமல். மரியதாஸ் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், பிருந்தா வேண்டாம் என்று கையைக் காட்டுகிறாள். நடுவிரலை நிமிர்த்துகிறேன். இன்னும் கொஞ்சம். வெளிர் மரத்தில் விரலுக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய ஒரு கோடு வெளிச்சம் விழுகிறது. மறுபடி அடிக்கிறேன்.